கருகிய கிளட்ச் தகடு

என் காரிலிருந்து கழற்றிய கிளட்ச் தகட்டை, எஞ்சின் விசையைக் கியருக்குக் கடத்தும் தகட்டை, மெக்கானிக் அண்ணன் என் கையில் வைத்தார். தகட்டின் முகம் முழுக்கக் கறுத்து, கண்ணாடிபோல் மின்னியது. கருகிய வாடை இன்னும் விரலில் இருக்கிறது.

எஞ்சின் மென்பொருளை மாற்றி, 250 நியூட்டன் மீட்டராக இருந்த முறுக்குவிசையை 340-க்கு ஏற்றியிருந்தேன். அதன்பின் நான்காவது கியரில் அழுத்தி மிதித்தால் கிளட்ச் வழுக்கும்; எஞ்சின் சுழற்சியைக் காட்டும் ஆர்.பி.எம். முள்தான் ஏறும், வேகம் ஏறாது.

"செராமிக் தகடு போட்டுவிடலாமா, தம்பி?"

பந்தயத்துக்கு அருமையானது, எவ்வளவு சூட்டையும் தாங்கும். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், அரை கிளட்சில் ஊர்ந்து போக விடாது.

நான் தினமும் கோவை லட்சுமி மில்ஸ் சிக்னல் நெரிசலில் நிற்பவன். பக்கத்து இருக்கையில் முதுகுவலியோடு அம்மா.

எவ்வளவு முறுக்குவிசை தாங்கும் என்று மட்டும் பார்த்து கிளட்ச் வாங்குகிறோம். வண்டி ஓடும் சாலையை யார் பார்க்கிறோம்?

மென்மையாகப் பிடிக்கும் ஆர்கானிக் தகடு, அதைக் கூடுதல் அழுத்தத்தோடு பிடிக்கும் பிரஷர் பிளேட், தகடு உரசும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீல் புதிதாக என்று முடிவு செய்தேன். பெடல் கொஞ்சம் கனக்கும். கனக்கட்டும்.

தகடு படியும்வரை, முதல் 800 கிலோமீட்டருக்கு அழுத்தி மிதிக்கக் கூடாதாம்.

அவிநாசி சாலையில் இன்று 40 கிலோமீட்டர் வேகத்திலேயே வீடு வந்து சேர்ந்தேன்.