கல்வெட்டுக் குறிப்புகளும் அப்சிடியனும்: இதுவரை

கோயில் கல்வெட்டு படிப்பது என் பொழுதுபோக்கு. 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலிருந்து எடுத்தவை, கோயில் சுவரோரம் நின்று கிறுக்கியவை எல்லாம் அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலியில் கிடக்கின்றன. சேர்ப்பதில் ஒரு சிக்கலும் இல்லை, வேண்டும்போது எடுப்பதில்தான் பாடு. அதனால் கொஞ்ச நாளாகப் புதுக் குறிப்பு எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, இருப்பதைச் சீர்செய்து வருகிறேன்.

முதலில் தேடல். 'குளம்' என்று தேடினால் 'குளத்துக்கு' வராது. உருபு சேர்ந்ததும் சொல்லின் வால் மாறிவிடுகிறது, கணினிக்கு அது வேறு சொல். சரி, வெறும் 'குள' என்று போட்டால்? 'குளிர்', 'குளித்தேன்' எல்லாம் வந்து நிற்கும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'ளி' என்பது ள-வும் அதையடுத்து ஒரு இகரக் குறியும்தானே. இதற்கு ரெஜெக்ஸ், அதாவது ஒரு சொல்லின் பல வடிவங்களை ஒரே வாய்பாட்டில் தேடும் முறை, உதவியது. தேடல் பெட்டியில் /குள(ம்|த்த|ங்)/ என்று கொடுத்தால் குளம், குளத்தில், குளங்கள் மூன்றும் சிக்குகின்றன. அடிக்கடி தேடும் சொற்களுக்கு இப்படி எழுதி ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன், தேவையானபோது நகலெடுத்து ஒட்டினால் போதும்.

அடுத்தது, எனக்கு அதிகம் பயன்பட்டது: அலியாஸ், அதாவது ஒரு குறிப்புக்கு வைக்கும் மாற்றுப் பெயர். அணையாமல் எரிய வேண்டிய விளக்கு கல்வெட்டுகளில் நந்தா விளக்கு, நொந்தா விளக்கு, நுந்தா விளக்கு என்று பலவிதமாக வரும். ஒரே தலைப்பில் ஒரு குறிப்பு வைத்து, மற்ற வடிவங்களை அலியாஸாகக் கொடுத்துவிட்டேன். இப்போது அந்தக் குறிப்பைத் திறந்தால், அந்தப் பெயர்கள் வந்தும் இணைப்பே போடாத பழைய குறிப்புகளும் பேக்லிங்க் பகுதியில் (இந்தக் குறிப்பைச் சுட்டும் மற்றக் குறிப்புகளின் பட்டியல்) வரிசையாக வருகின்றன. விளக்கு ஒன்றை எரிக்கக் கோயிலுக்கு 96 ஆடு கொடுப்பது, அதற்கு இடையன் நாளொன்றுக்கு உழக்கு (ஒரு பழைய முகத்தலளவை) நெய் அளப்பது என்பது சோழர் கல்வெட்டுகளில் பழகிப்போன கணக்கு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்கே ஆட்டுக்குப் பதில் பசு கொடுத்தார்கள், எங்கே பொன் கொடுத்தார்கள் என்று கண்ணில் பட்டது. அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். ஆடு சாகும்தான். ஆனால் மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது இடையனின் பொறுப்பு. என்ன அழகான ஒப்பந்தம்!

ஆண்டுக் கணக்கையும் மாற்றினேன். கல்வெட்டு ஆட்சியாண்டைத்தான் சொல்லும். முதலாம் இராஜராஜன் பட்டமேறியது 985 என்பதால் அவனுடைய 25-ஆம் ஆண்டு 1010-ஐ ஒட்டி வரும். ஆட்சியாண்டு, கி.பி. ஆண்டு என்று குறிப்பின் தலையில் இரண்டு புலங்கள் வைத்தேன். மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் பகுதி, எப்படித் தொடங்குகிறது என்பதற்கும் ஒன்று: 'திருமகள் போல' என்றால் இராஜராஜன், 'திருமன்னி வளர' என்றால் இராஜேந்திரன். இப்போது, இந்தப் புலங்களைத் தொகுத்துக் காட்டும் அப்சிடியனின் பேசஸ் அட்டவணையில் கால வரிசைப்படி பார்க்க முடிகிறது. தேதியில் ஓராண்டு முன்பின் இருக்கும், அது என் வேலைக்குப் பரவாயில்லை.

குறிப்புகளின் இணைப்புகளை வலைப்படமாகக் காட்டும் கிராஃப் காட்சி? நண்பர்களுக்குக் காட்ட நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். குறிச்சொற்களையும் பெரும்பாலும் தூக்கிவிட்டேன். ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லஸ் லூமன் சுமார் 90,000 குறிப்பு அட்டைகள் வைத்திருந்தார். ஆனால் அவருடைய சொல்லடைவில் ஒரு சொல்லுக்குப் பெரும்பாலும் சில அட்டை எண்கள்தான் இருக்கும். அதில் நுழைந்து, அங்கிருந்து அட்டைக்கு அட்டை தாவிப் போவார். எனக்கும் விளக்கு, நிலம், ஏரி, வரி என்று சில வாசல் குறிப்புகளே போதுமாக இருக்கிறது. ஒரே நிபந்தனை, இணைப்புப் போடும்போது ஏன் இணைக்கிறேன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். அது இல்லாத பழைய இணைப்புகளில் பாதி எனக்கே புரியவில்லை.

இன்னும் தீராதது பிடிஎஃப் தொல்லை. பழைய எழுத்துருவில் இருக்கும் கட்டுரைகளை நகலெடுத்து ஒட்டினால் ஏதோ ரோமன் எழுத்துக் குவியலாக விழுகிறது. சிலவற்றில் 'கொ' பார்க்கச் சரியாகத் தெரிந்தாலும், கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருப்பதால் தேடலில் மாட்டுவதில்லை. இப்போதைக்கு முக்கியமான பத்திகளை மட்டும் கையால் தட்டச்சு செய்கிறேன். அடுத்து, ஒட்டும்போதே இதைச் சரிசெய்ய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் பார்க்க வேண்டும்.