மேலே ஏறத் தெரியாத நரம்புகள்

உயர்தர வகுப்பில் வட்டப்புழுவின் குறுக்குவெட்டு முகம் வரையாதவர் எங்கள் தொகுதியில் இல்லை. முதுகுப்புறம் ஒரு நரம்பு நாண், வயிற்றுப்புறம் ஒன்று; கோடு இழுத்துப் பெயரிட்டால் புள்ளி. கீழேயுள்ள கலத்தின் இழை மேல் நாணுக்கு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். "அது கருவிலேயே அமைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார் சேர். அவரில் பிழையில்லை. 1980களின் கடைசி அது; விடையே அப்போதுதான் ஆய்வுகூடங்களில் உருவாகிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தில் அந்த விடை எனக்குக் கிடைத்தது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற புழு ஒரு மில்லிமீற்றர் நீளம், உடல் ஒளி ஊடுருவும், நரம்புக்கலங்கள் 302தான். உயிரியலாளர் சிட்னி பிரெனர் இதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்து, ஒழுங்காக ஊரமுடியாத விகாரப் புழுக்கள் பலவற்றை 1974இல் விவரித்தார். பழுதானவற்றை வைத்துப் பழுதில்லாததை அறியும் வழி அது. அப்புழுக்களில் பழுதாகியிருந்த பரம்பரையலகுகளுள் மூன்று (அன்க்-5, அன்க்-6, அன்க்-40) நரம்பிழைகளை மேலும் கீழும் வழிநடத்துவதாக 1990இல் ஹெட்ஜ்கொக், கலோட்டி, ஹோல் மூவரும் காட்டினர்.

வயிற்றுப்புறக் கலங்கள் அன்க்-6 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. வளரும் இழையின் நுனி அதை மோப்பம் பிடிப்பதுபோல் உணர்கிறது. நுனியில் அன்க்-40 என்ற ஏற்பி, அதாவது அந்தச் சமிக்ஞையை உணரும் புரதம், இருந்தால் இழை கீழ்நோக்கி இழுபடும். அன்க்-5 ஏற்பியும் சேர்ந்தால் விலகி மேலே ஏறும். சமிக்ஞை ஒன்றுதான், "வா" என்பதா "போ" என்பதா என்பதைக் கேட்கும் கலமே தீர்மானிக்கிறது. அன்க்-5 பழுதானால் இயக்க நரம்பிழைகள் பல பாதிவழியில் திரும்பிவிடும், முதுகுத் தசைக்குக் கட்டளை போய்ச் சேராது, புழு சுருண்டு தடுமாறும்.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை 1993இல் வந்தது. வழமையாக அன்க்-5 இல்லாத தொடுகை உணர் கலங்களில் அதை இயங்கவைத்தார்கள். அவற்றின் இழைகள் மேல்நோக்கித் திரும்பின! ஒரு பரம்பரையலகு, ஒரு திருப்பம். இதைவிட நேரடியான சான்று உயிரியலில் அரிது என்பேன்.

அன்க்-6இன் உறவுப் புரதங்களான நெற்றின்கள் முதுகெலும்பிகளிலும் உண்டு என்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது. மனிதரில் அன்க்-40க்கு ஒப்பான டிசிசி பரம்பரையலகு பழுதானால், சிலருக்கு ஒரு கையை அசைக்க மற்றக் கையும் தானாக அசையும். எங்கள் சங்கத்தில் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. மீதியை அவர்களில் யாராவது அடுத்த மலரில் எழுதட்டும்.