ஒன்பது தட்டும் ஒரு தொன்னையும்

2026 ஜனவரி 6, செவ்வாய்

தில்லி மெஹ்ரோலியில் டேஸ்டிங் மெனு மட்டுமே பரிமாறும் உணவகம் ஒன்றில், வெள்ளிக்கிழமை இரவுக்கு நால்வருக்கு இடம் கிடைத்துவிட்டது. அங்கே நாம் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. சமையற்கலைஞர் வகுத்த வரிசையில் ஒன்பது தட்டுகள் வரும். ஆர்.கே.புரம் நண்பரிடம் இதைச் சொன்னதும், "கல்யாணப் பந்தியும் அப்படித்தானே சார், இலையில் விழுவதைத்தானே சாப்பிடுகிறோம்?" என்றார். ஆளுக்கு 4,800 ரூபாய் என்றேன். "சரி, மொய் எழுதியதாக வைத்துக்கொள்வோம்."

ஜனவரி 9, வெள்ளி, நள்ளிரவு

மூடுபனியில் மயூர் விஹாரிலிருந்து போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முதல் இரண்டு தட்டுகள் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை, எழுத ஒன்றுமில்லை. மூன்றாவதில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தில்லிக்கு வந்த புதிதில் 'காஞ்ஜி' என்ற சொல்லைக் கேட்டு நம் கஞ்சி என்று நம்பி ஏமாந்தவன் நான். கருங்கேரட்டைக் கடுகுப்பொடியும் உப்பும் சேர்த்து நீரில் ஊறவைத்து, வெயிலில் சில நாள் புளிக்கவைக்கும் இந்தக் குளிர்காலப் பானத்தை, இங்கே உறையவைத்துச் சுரண்டி, சுட்ட சேப்பங்கிழங்கின்மேல் தூவியிருந்தார்கள். கிழங்கின் சூட்டில் அது கரைந்து, கடுகின் காரம் மூக்கில் ஏறியபோது நால்வரும் ஒரே நேரத்தில் தலையசைத்தோம்.

ஐந்தாவது தட்டு, ரசம். தக்காளியையும் புளியையும் சொட்டுச் சொட்டாக வடித்தெடுத்த தெளிநீரைக் கண்ணாடிக் கெண்டியிலிருந்து ஊற்றினார்கள். பார்வைக்கு வெந்நீர், வாசனைக்கு எங்கள் வீட்டு அடுப்படி. வங்கியில் வேலை பார்க்கும் தோழி மட்டும், "தெளிவெல்லாம் சரிதான், மண்டி எங்கே?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பொருள் கேட்ட பரிமாறும் இளைஞருக்கு, ரசத்தின் அடியில் தங்கும் பருப்பு வண்டலைச் சோற்றில் பிசைந்து உண்பதன் அருமையை அவர் இந்தியில் விளக்கி முடிப்பதற்குள் ஆறாவது தட்டு ஆறிப்போயிற்று.

ஒன்பதாவதாக வந்தது தௌலத் கீ சாட். பெயரில் சாட் இருந்தாலும் இது இனிப்பான பால் நுரை. இந்தியன் அக்சென்ட் உணவகம் விளையாட்டு ரூபாய் நோட்டுகளோடு பரிமாறிப் புகழ்பெறச் செய்தது. இன்று எங்களுக்கு வந்ததோ, வாயு அடைத்த சைஃபன் குப்பியிலிருந்து மேசையருகிலேயே பீய்ச்சப்பட்டது. ஸ்பெயினின் எல் புல்லி உணவகத்தில் சமையற்கலைஞர் ஃபெரான் அட்ரியா 1990களில் பரப்பிய உத்தி இது என்று இளைஞர் பெருமையாக விளக்கினார். பழைய தில்லித் தெருவில் மத்தால் கடைந்தே வரும் நுரைக்கு ஸ்பெயின் வரை ஏன் போக வேண்டும் என்பது என் மனத்தாங்கல். சுவையில் குறையில்லை, ஆனால் நுரை சற்றுக் கனமாக நாக்கில் ஒட்டியது.

பில்லில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். அதைக் கட்டாயமாக வாங்கக்கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்ததை நினைவூட்டியதும் முகம் கோணாமல் நீக்கினார்கள். இளைஞருக்குத் தனியே கொடுத்தோம்.

ஜனவரி 10, சனி

இரண்டாம் சனி என்பதால் தோழிக்கும் வங்கி விடுமுறை. காலையிலேயே மெட்ரோவில் சாந்தினி சௌக் போய், கினாரி பஜார் சந்துக்குள் நுழைந்தோம். மஞ்சள் பூத்த வெண்ணுரை மலைபோல் குவிந்த தட்டின்மேல் மெல்லிய துணியைப் போர்த்தி ஒருவர் நின்றிருந்தார். பாலையும் பாலேட்டையும் இரவுக் குளிரில் திறந்த வெளியில் வைத்து, விடியுமுன் கடைந்து, எழும் நுரையை வழித்து வழித்துச் சேர்ப்பதாகச் சொன்னார். பாலின் கொழுப்பு குளிர்ந்து இறுகினால்தான் குமிழிகளைத் தாங்கும். அதனால்தான் குளிர்காலம் முடிந்ததும் இந்த வியாபாரமும் முடிந்துவிடுகிறது. இதையே காசியில் மலையியோ என்றும் லக்னோவில் மக்கன் மலாய் என்றும் விற்கிறார்கள்.

தொன்னையில் வழித்து வைத்து, நாட்டுச் சர்க்கரையும் கோவாவும் தூவிக் கொடுத்தார். வாயில் வைத்தேன், மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை, குங்குமப்பூ மணம் மட்டும் மிஞ்சியது. நேற்றைய குப்பி இந்த மென்மையின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் காஞ்ஜியும் கிழங்கும் இந்தத் தெருவில் யாருக்கும் தோன்றியிருக்காது என்று தோழி சொன்னதை நான் மறுக்கவில்லை.

வெயில் ஏறினால் நுரை உட்கார்ந்துவிடும் என்று விற்பவர் எச்சரித்தும், ஆர்.கே.புரம் நண்பர் மனைவிக்காக ஒரு தொன்னையைக் கட்டி வாங்கிப் போனார். மாலையில் அழைத்தார். வீட்டில் பிரித்தபோது உள்ளே இரண்டு கரண்டிப் பால்தான் இருந்ததாம். அம்மையார் அதில் டிகாக்ஷன் ஊற்றிக் காப்பியாகவே குடித்துவிட்டாராம்.