"என்ன தம்பி, பஞ்சரா?"

மவுண்டன் பைக் வாங்கிய புதிதில், வேரும் பாறையும் கிடக்கும் ஒற்றையடிப் பாதை வேண்டாம், எலும்பு முக்கியம் என்று முடிவெடுத்தேன். அதனால் காப்புக்காட்டுத் தீத்தடுப்புச் சாலைக்குப் போனேன். தீயணைப்பு வண்டியே போகிற அளவுக்கு அகலமான மண்சாலை. அதில் சைக்கிள் ஓட்டத் தெரியாதா என்ன?

அகலத்தைப் பார்த்தவன் சரிவைப் பார்க்கவில்லை. ஒற்றையடிப் பாதையாவது வளைந்து வளைந்து, நம்மைத் தாஜா செய்து மேலே கூட்டிப்போகும். இந்தச் சாலை பல இடங்களில் நேராக மலைமுகட்டைப் பார்த்து ஏறிவிடுகிறது. தீயணைப்பு வண்டிக்கு இன்ஜின் இருக்கிறது. எனக்கு இருப்பவை இரண்டு முழங்கால்கள், அதிலும் ஒன்று பேச்சுக் கேட்காது.

முதல் மேட்டில் எழுந்து நின்று மிதித்தேன். பின்சக்கரத்தில் பாரம் குறைந்து, சரளையில் சும்மா சுற்றியது. சரி, உட்கார்ந்து மிதிப்போம் என்றால் முன்சக்கரம் குதிரை மாதிரி தலையைத் தூக்கியது. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சை ஹேண்டில்பாரை நோக்கித் தாழ்த்தி மிதிக்க வேண்டுமாம். சீட்டின் நுனி உட்காருவதற்காகச் செய்ததில்லை. இதற்குமேல் விவரம் வேண்டாம்.

கியரை மேடு வரும் முன்பே மாற்றிவிட வேண்டும். நான் பாதி மேட்டில், உடம்பின் மொத்த பலத்தையும் பெடலில் போட்டபடி மாற்றினேன். 'கடக்.' செயின் கழன்றது. மாட்டிவிட்டுக் கிளம்பினால், தரையிலிருந்து காலை எடுப்பதற்குள் வண்டி பின்னோக்கி நகர்ந்தது. சாலைக்குக் குறுக்கே திருப்பி, கொஞ்சம் உருண்டதும் மேல்நோக்கி வளைப்பதுதான் வழி. மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் எதிர்ப்பக்கப் புதரில் போய் நின்றேன்.

கடைசியில் தள்ளிக்கொண்டு நடந்தபோது, கைத்தடியோடு வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டிப்போய், திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பஞ்சரா?"

"வண்டி இல்லைங்க ஐயா, நான்தான்."

உச்சியில் நான் மல்லாந்து கிடந்த நேரத்தில் அவர் சுற்றிப்பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கிவிட்டார்.

அப்புறம் என் முறை. வரிவரியான மண்ணில் பற்கள் கடகடக்க, இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடியே இறங்கினேன். நடப்பவர்களுக்கு சைக்கிள்காரன்தான் வழிவிட வேண்டும் என்பதால், பெரியவரைக் கண்டதும் ஊர்ந்து, கும்பிடாத குறையாகக் கடந்தேன். அடிவாரத்தில் நின்றபோது கருகல் வாடை.

எனக்கு ஒரே பெருமை. ஏனென்றால் இந்த விளையாட்டே தீத்தடுப்புச் சாலையில் பிறந்ததுதான். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976இல் சிலர் பழைய, கனத்த சைக்கிள்களில் அப்படி ஒரு சாலையில் போட்டி போட்டு இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சத் தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடுமாம். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

என் பிரேக்கும் அந்தப் பரம்பரைதானா என்று பார்க்க, டிஸ்க்கை விரலால் தொட்டேன்.

நான் போட்ட சத்தத்தில் பெரியவர் வேகவேகமாக இறங்கி வந்தார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்து என் விரலில் தண்ணீர் ஊற்றினார். அந்தச் சாலையில் அன்றைக்கு நடந்த ஒரே தீயணைப்பு வேலை அதுதான்.