ஆவணியில் வீடு மாறுகிறோம்

நேற்று இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். மூத்தவள் சமையலறையில் அரிசி டிரம்மின் மூடிமேல் கணக்கு நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். கூடத்தில் விளக்குப் போட்டால் பாட்டி விழித்துக்கொள்வார் என்று தானாகவே ஒதுங்கிப் போயிருக்கிறாள். ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

அம்பத்தூரில் இந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வந்தபோது நாங்கள் இருவர். இப்போது ஐவர். பத்து மாத வாடகையை முன்பணமாகப் புரட்ட வேண்டுமே என்று மூன்று ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டேன். இனி முடியாது. ஆடி கழிவதற்குள் சீட்டுப் பணம் கைக்கு வந்துவிடும். பள்ளி மாற்ற வேண்டாத தொலைவில், பத்தாம் வகுப்புப் பாடங்கள் நெருக்குவதற்கு முன், ஆவணியில் பால் காய்ச்சிவிடுவோம். ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேசை. முதல் செலவு அதுதான்.