தூண்களின் நிறம் எங்கிருந்து வருகிறது

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-ல் எடுத்த, விண்ணில் வாயுவும் தூசியுமாக நிற்கும் ‘படைப்பின் தூண்கள்’ படத்தைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இந்த நிறமெல்லாம் நிஜமா?” என்பதுதான். நியாயமான கேள்வி. பதில் தெரிந்தால் படம் இன்னும் அழகாகிறது.

ஹப்பிளின் கேமரா பதிவது கறுப்பு வெள்ளையில்தான். முன்னால் ஒரு ஃபில்டரை வைத்து, ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் பிடிக்கிறது. சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவிலுள்ள இந்தத் தூண்களுக்கு மூன்று ஃபில்டர்கள்: 502 நானோமீட்டரில் ஆக்சிஜன், 656-ல் ஹைட்ரஜன், 673-ல் கந்தகம். பின்னிரண்டும் நம் கண்ணுக்கு ஒரே சிவப்பு. அப்படியே விட்டால் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்தார்கள். அலைநீள வரிசை அப்படியே இருக்கிறது, இடைவெளி மட்டும் விரிந்திருக்கிறது.

தூணின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். அருகிலுள்ள இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி பட்டு, வாயு மெல்லிய இழைகளாகக் கிளம்புகிறது. கந்தகத்தின் ஒளி விளிம்பை ஒட்டியே நிற்கும். ஆக்சிஜனின் நீலம் தள்ளிப் பரவியிருக்கும். அந்த நிறமாற்றமே, புற ஊதா ஒளி வாயுவை எங்கே எவ்வளவு தாக்கியிருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு வரைபடம் மாதிரி.

நீங்களே செய்து பார்க்கலாம். விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவைச் சேமித்து வைக்கும் மாஸ்ட் (MAST) இணையக் காப்பகத்தில் மூலக் கோப்புகள் இலவசம். வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் (FITS) வடிவில் இருக்கும். அவற்றைத் திறக்க சிரில் (Siril) என்ற இலவச மென்பொருள் போதும். திறந்ததும் படம் கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை: பளீரென்ற நட்சத்திரமும் மங்கலான வாயுவும் ஒரே அளவுகோலில் இருப்பதால் வாயு அடியில் கிடக்கிறது. மங்கலான பகுதியின் பிரகாசத்தை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். அவசரப்பட்டால் நட்சத்திரங்கள் உப்பி, தூண் வெளிறிவிடும்.

மூன்று ஃபில்டர் படங்களையும் சேர்க்குமுன் நட்சத்திரங்களை வைத்துப் பொருத்துங்கள். ஒரு பிக்சல் நகர்ந்தாலும் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த தொல்லை பச்சை. ஹைட்ரஜன் மிக வலுவானது. அப்படியே சேர்த்தால் படமே பாசி பிடித்த மாதிரி ஆகும். மற்ற இரண்டையும் ஏற்றினால் வாயு சரியாகிவிடும், ஆனால் மூன்று ஃபில்டரிலும் ஒளிரும் நட்சத்திரங்கள் கத்திரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். நட்சத்திரங்களை மட்டும் பிரித்துத் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் போட்டு அங்கே அந்த நிறத்தைக் குறைக்க வேண்டும்.

குட்டிக் கீறல்கள் தெரிந்தால் அவை காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து பாயும் அதிவேகத் துகள்கள், சென்சாரில் விட்ட தடங்கள். ஒரே இடத்தின் இன்னொரு படத்தில் அதே கீறல் இருக்காது, ஒப்பிட்டு நீக்கலாம். 1995 படத்தின் மேல் மூலையிலுள்ள படிக்கட்டு வெட்டு வேறு விஷயம். அந்தக் கேமராவின் நான்கு சென்சார்களில் ஒன்று மட்டும் நுணுக்கமாக, சிறிய பரப்பைப் பார்த்தது. அதை மற்றவற்றின் அளவுக்குச் சுருக்கியதால் மிஞ்சிய வெற்றிடம் அது.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் கோப்புகளில் பிரகாசமான நட்சத்திரத்தின் நடுவே கறுப்புப் புள்ளி இருக்கும். ஒளி அளவு மீறி, அந்தப் பிக்சல்களில் பயன்படும் மதிப்பே இல்லாமல் போன இடம் அது. சுற்றியுள்ள பிரகாசத்தால் நிரப்பிவிட்டு, அதன்பிறகே நிறத்துக்குப் போங்கள்.