நீ வேற ரகம்

ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுவது என் வேலை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், பதின்பருவத்தினருக்கான நாவல்களை ஹாலிவுட் வரிசையாகப் படமாக்கிக்கொண்டிருந்தபோது, அந்த வகைப் படங்கள் சில என் கைக்கும் வந்தன.

முதல் படத்தில் நாயகியைப் பார்த்து வயதான ஒருவர் சொல்வார்: "யூ ஆர் நாட் லைக் தெம்." க்ளோசப். கடைசிச் சொல்லில் அவர் உதடு மூடுகிறது. "நீ அவங்களை மாதிரி இல்லை" என்று எழுதினால் பொருள் சரிதான். ஆனால் உதடு நடுவில் ஒட்டும், முடிவில் ஒட்டாது; நீளமும் கூடிவிடும். அரை மணி நேரம் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, "நீ வேற ரகம்" என்று எழுதினேன். அங்கே ஐந்து தட்டு, இங்கேயும் ஐந்து தட்டு, கடைசியில் 'ம்'. நடிகரின் வாயில் அது அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த வருடம் வேறு நாவல், வேறு உலகம், வேறு பெண். அதிலும் யாரோ ஒருவர் அவளிடம் அதையேதான் சொன்னார். மூன்றாவது படத்திலும் அந்த இடம் வந்தபோது, நாயகிகளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "போன படத்துலயும் நான் வேற ரகம்தானே சார்? இவ எப்படி வேற?"

கிண்டல் இல்லை. இந்தப் பெண்ணுக்கு எந்தக் குரலைக் கொடுப்பது என்று தெரியாமல்தான் கேட்டாள். என்னிடமும் பதில் இல்லை.

அப்புறம்தான் மூல நாவல்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். புத்தகத்தில் இவர்கள் ஒருவரைப் போல ஒருவர் இல்லை. தி ஹங்கர் கேம்ஸ், டைவர்ஜென்ட் இரண்டுமே நாயகி 'நான்' என்று நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டு போகும் கதைகள். ஒருத்தி எதைப் பார்த்தாலும் முதலில் வயிற்றுப்பாட்டை நினைக்கிறாள். இன்னொருத்தி தன் தைரியத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள். படமாக்கும்போது முதலில் காணாமல் போவது அந்த உள்குரல்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கொடுங்கோல் அரசு, ஒரு சோதனை, ஒரு பெண், அவளை நேசிக்கும் பையன். எலும்புக்கூடுகள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும்? ரசிகர்களுக்கு இளம் வயதுக் கதைகள் சலித்துவிட்டன என்று அப்போது பேசிக்கொண்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தக் கதைகளின் உயிர் அவர்களிடம் வந்து சேரவே இல்லை.

2013-இல் மட்டும் பியூட்டிஃபுல் கிரீச்சர்ஸ், தி ஹோஸ்ட், தி மார்ட்டல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று மூன்று படங்கள், தொடராக வளரும் என்ற எதிர்பார்ப்போடு வந்தன. ஒன்றுக்கும் இரண்டாம் படம் வரவில்லை.

அதைவிட எனக்கு வலித்தது கடைசிப் புத்தகத்தை இரண்டாகக் கிழிக்கும் பழக்கம். ஹாரி பாட்டர் 2010-இலும் 2011-இலும் அப்படிச் செய்தது, ட்வைலைட்டும் செய்தது, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தி ஹங்கர் கேம்ஸின் இரண்டாம் படம் உலக அளவில் 86 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மூன்றாம் நாவலை இரண்டு படமாக்கினார்கள். 2015-இல் வந்த கடைசிப் படம்தான் அந்த நான்கில் குறைவான வசூல். ஒரு கதையின் முடிவைப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகமாக இருந்திருக்க வேண்டும். அதன் இயக்குநர் பிரான்சிஸ் லாரன்ஸ், அப்படிப் பிரித்ததற்கு வருந்துவதாகப் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். 2023-இல் அவர் எடுத்த முன்கதை, பெரிய நாவலாக இருந்தும் ஒரே படமாக வந்தது.

டைவர்ஜென்ட் கதி இன்னும் மோசம். 2016-இல் அலீஜியன்ட் என்று கடைசி நாவலின் முதல் பாதி வந்தது. முந்தைய படங்கள் 30 கோடி டாலரை நெருங்கியிருக்க, இது 18 கோடியோடு நின்றது. மறு பாதியைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள், அதுவும் நடக்கவில்லை. மூன்று படங்களுக்குக் காசு கொடுத்து, காத்திருந்து பார்த்தவர்களுக்கு முடிவே இல்லை. இப்படி ஏமாந்தவர் அடுத்த தொடரின் முதல் படத்துக்கு எந்த நம்பிக்கையில் வருவார்?

2014-இல் தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ் சுமார் 1.2 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 30 கோடியைத் தாண்டியது. அதுவும் பதின்பருவ நாவல்தான். நாயகியின் குரல் அதில் இருந்தது, கதையும் அதே படத்தில் முடிந்தது.

நான் எழுதிய ஒரு தொடரும் பாதியில் நின்றுபோனது. பெயர் வேண்டாம். அதில் எல்லோரும் தேடிப்போகும் ஓர் இடத்துக்குக் 'கரை' என்று தமிழில் பெயர் வைத்திருந்தேன். அந்த இடத்தின் மேல் படிந்திருக்கும் பழி கடைசி நாவலில்தான் தெரியவரும். அப்போது அதே சொல் காதில் 'கறை' என்று விழ வேண்டும் என்பது என் கணக்கு. முதல் பாகத்திலேயே அதற்காக வசனங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். கடைசிப் பாகம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேறொரு படத்தின் ரெக்கார்டிங் இடைவேளையில் அந்தப் பெண் கேட்டாள்: "சார், அந்தக் கதையில கடைசில என்னதான் ஆச்சு?"

புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். சவுண்ட் இன்ஜினியரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார். இடைவேளை முடிந்து வெகுநேரம் ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. கரை எப்படிக் கறையானது என்று சொன்ன இடத்தில் அவள் என்னைக் கை காட்டி நிறுத்தினாள். முதல் பாகத்தில் தான் பேசிய வரியை, மைக் இல்லாமல், மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்: "கரைக்குப் போயிட்டா போதும்."